மூன்றாம் தெரு முதல் வீடு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு தார்ச்சாலையில் சாக்பீஸால் வளைவுகள் போட்டது.

1994 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வராமல் நேராக அங்கே போனோம். முந்தின நாள் நல்ல மழை. சாலை இன்னும் காயவில்லை. அப்பா டேப்பின் வளையத்தை ரேஷன் கடையின் மூலையில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் டேப்பை இழுத்து, நாலு மீட்டர் முப்பத்தைந்து சென்டிமீட்டரில் சாக்பீஸை வைத்துக் குனிந்தபடியே நடந்து ஒரு வளைவு போட்டேன். ஈரத்தில் கோடு பிடிக்கவில்லை. இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. அடுத்து, பதினேழாம் எண் விளக்குக் கம்பத்திலிருந்து ஆறு மீட்டர் பத்து. கடைசியாகக் கைப்பம்பு மேடையிலிருந்து மூன்று மீட்டர் எண்பது.

அந்தச் சாலைக்கு அடியில் ஒரு வால்வு இருந்தது. அதன் இரும்பு மூடி, இரண்டு முறை போட்ட தாருக்குக் கீழே போய்விட்டது. மூடி கண்ணுக்குத் தெரிந்த காலத்தில், 1990இல், நாங்களே அளந்து வைத்த தூரங்கள் இவை. மூன்று வளைவுகளும் ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டும். அங்கே கடப்பாரை போட்டால் மூடி கிடைக்கும்.

சந்திக்கவில்லை. நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடைவெளி.

அப்பா இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னார். பிடித்தோம். அதே இடைவெளி. அப்போதுதான் கம்பத்தைப் பார்த்தேன். 1990இல் அது துருப்பிடித்த இரும்புக் கம்பம். இப்போது நின்றது சிமென்ட் கம்பம். அதில் அதே பதினேழு, அதே மஞ்சள் பெயின்ட். கைப்பம்பு மேடையும் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. பழையதைவிட அகலம். எண்ணையும் பம்பையும் பார்த்தோமே தவிர, அவை நின்ற இடத்தைப் பார்க்கவில்லை.

அப்பா டேப்பைச் சுற்றினார். அது கோணலாகச் சுற்றிக்கொண்டது. அதைப் பிரித்து மறுபடியும் சுற்றினார்.

"ரேஷன் கடை வளைவு ஒண்ணுதான் நெசம். அதுல எங்கயோ இருக்கு."

அந்த வளைவு சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போனது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மணல் லாரி அதன்மேல் ஏறிப் போனது. வியாழக்கிழமை அப்பா இறந்தார்.

அவர் பெயர் சூ. ராயப்பன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பாடியில் ஒரு தொழிற்சாலையில் சில வருடம் இருந்துவிட்டு, 1966இல் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் ஒரு பேரூராட்சியில் குடிநீர்ப் பிரிவில் சேர்ந்தார். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எங்கள் வீடு கள்ளிக்குப்பத்தில். காலை நாலரை மணிக்குச் சைக்கிளை எடுத்தால்தான் ஆறு மணித் தண்ணீரைத் திறக்க முடியும். இருபத்தெட்டு வருடம் எடுத்தார்.

வால்வைத் திறப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஆள் உயரச் சாவியைச் சுற்றிச் சுற்றித்தான் திறக்க வேண்டும். வேகமாகச் சுற்றினால் தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து பழைய குழாயின் மூட்டுகளைப் பிளந்துவிடும். ஆகையால் ஒரு சுற்றுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம். பெரிய வால்வுக்கு இருபத்தாறு சுற்று. இருபத்தாறு முறை சொல்லி முடிக்கும்போது வால்வு முழுதாகத் திறந்திருக்கும். அவருடைய உதவியாள் கஜபதிக்கும் அதே முறைதான். அவர் மரியாவுக்குப் பதில் முருகனைக் கூப்பிடுவார். முருகன் பெயர் சின்னதாக இருப்பதால் ஒரு சுற்றுக்கு ஐந்து முருகா சொல்ல வேண்டும் என்று அப்பா கணக்குச் சொல்லியிருந்தார்.

கஜபதி அதற்கும் பதில் வைத்திருந்தார். "உங்காளு ஒரு தபா கூப்ட்டா வரும். எங்காளை அஞ்சு தபா கூப்டணும். இன்னா அண்ணாத்தே நாயம் இது?"

அப்பா அந்த நாட்களில் சிரிப்பார். நான் பார்த்திருக்கிறேன். 1986க்குப் பிறகு அவர் பயந்தவராகத்தான் எனக்கு நினைவிருக்கிறார்.

மூன்றாம் தெருவுக்கு முன்னால் ஒரு சாக்கடை குறுக்கே போகிறது. ஒரே தாவில் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அகலம். தெருவுக்கான தண்ணீர்க் குழாய் அந்தச் சாக்கடைக்குள் மூழ்கி, மறுபக்கம் ஏறி, நாற்பத்தொரு வீடுகளுக்குப் போகிறது. 1969இல் பதித்த ஆஸ்பெஸ்டாஸ் குழாய். பதித்தபோது அங்கே ஓடியது மழைநீர். சாக்கடை பிறகுதான் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் விடுவார்கள். குழாயில் ஓட்டை இருந்தால் அந்த ஒரு மணி நேரம் தண்ணீர் வெளியே கசியும். மற்ற நாற்பத்தேழு மணி நேரம் குழாய் வெறுமையாகிவிடும். வெளியே இருப்பது உள்ளே வரும். சாக்கடையில் கிடக்கும் குழாய்க்கு வெளியே என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாக்கடையைத் தாண்டியதும் முதல் வீடு ரசூல் பீவியுடையது. விதவை. விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து விற்பார். ஐந்து மணிக்கே கதவைத் திறந்து வைத்துவிடுவார். அப்பா ஆறு மணித் தண்ணீருக்குப் போகும்போது அங்கே நின்று இரண்டு இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். ரசூல் பீவியின் மகள் வஹீதுன்னிசா, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள், 1986 ஜூலை 24இல் மஞ்சள் காமாலையில் இறந்தாள். ஏழு மாதம். அந்தத் தெருவில் அந்தக் கோடையில் பதினோரு பேருக்குக் காமாலை. பத்துப் பேர் பிழைத்தார்கள். தண்ணீரில் வரும் காமாலை மற்றவர்களை விட்டாலும் கர்ப்பிணிகளை விடுவது கடினம் என்று டாக்டர் சொன்னதாக அப்பா எங்கள் அம்மா தெரசாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் பாலிடெக்னிக் நுழைவு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஓட்டையின் மேல் காலர் என்கிற இரும்பு வளையத்தை மாட்டி ஈயம் ஊற்றி அடைத்தார்கள். குழாயை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு அப்பா ரசூல் பீவியின் வாசலுக்குப் போகவில்லை. அடக்கத்தின்போதுகூடத் தெருமுனையில்தான் நின்றார். வீட்டில் எங்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரையும் இரண்டு முறை காய்ச்சச் சொன்னார். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முகர்வார். உறவினர் வீடுகளில் தண்ணீர் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டு பேசிவிட்டு, குடிக்காமல் வைத்துவிடுவார். மழை பிடித்தால் நடையும் பேச்சும் நின்றுவிடும். சாக்கடை எவ்வளவு ஏறியிருக்கும் என்று மனதில் அளந்துகொண்டிருப்பார். அம்மா முதலில் கேலி செய்தார், பிறகு சண்டை போட்டார், பிறகு அவரும் முகர ஆரம்பித்தார்.

அந்த வருடம்தான் நோட்டு வந்தது. நீளமான, சிவப்பு அட்டை போட்ட நோட்டு. ஊரில் மண்ணுக்குக் கீழேயும் மேலேயும் தண்ணீருக்காக இருக்கிற ஒவ்வொன்றையும் அதில் எழுதினார். பதினாலு கிலோமீட்டர் குழாய், துண்டு துண்டாக. அறுபத்து மூன்று வால்வுகள். இரண்டு மேல்நிலைத் தொட்டிகள். ஐந்து ஆழ்துளைக் கிணறுகள், அவற்றின் மோட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் கட்டங்கள்: பதித்த வருடம், என்ன பொருள், எந்த மண், எத்தனை தடவை உடைந்தது, எத்தனை வீடு நம்பியிருக்கிறது. ஆபீஸில் பதிவேடு எதுவும் இல்லை. பழைய ஆட்களைத் தேடிப்போய்க் கேட்டார். ஓய்வு பெற்ற ஒருவரைப் பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் பார்த்து, எட்டாம் தெருக் குழாய் எந்த வருடம் என்று கேட்டுவிட்டு வந்தார். உடம்பு எப்படி என்று கேட்க மறந்துவிட்டதாக அம்மாவிடம் சொல்லி வருந்தினார்.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'பயம்'. ஒன்றிலிருந்து பத்து வரை எண் போடுவார். புதுக் குழாய்க்கு ஒன்று. பாதிக் குழாய்களுக்கு நாலு, ஐந்து. சாக்கடையில் கிடந்த குழாய்க்குப் பத்து. பிற்பாடு எனக்கு ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்: ஒரு பொருள் கெடுவதற்கான வாய்ப்பையும், கெட்டால் விளையும் கேட்டையும் பெருக்கி, அந்த வரிசைப்படி எதை முதலில் மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். அப்பாவின் நோட்டைப் பற்றிச் சொல்ல வகுப்பில் நான் கை தூக்கவில்லை. அப்பா பெருக்கவில்லை. எதற்கு அதிகம் பயந்தாரோ அதற்கு அதிக எண் போட்டார். நான் பெருக்கிப் பார்த்தேன். முதல் பத்து இடங்களில் ஒன்பது அதேதான் வந்தது.

கஜபதி நோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, பைப்புக்கு ஜாதகம் எழுதிகினு கீறியா? எந்த பைப்பு எப்ப பூடும்னு தெரிஞ்சா எனக்கும் ஒண்ணு எழுதேன்" என்றார். அப்பா அதற்கு உண்மையாகவே பதில் சொன்னார். உனக்கு வயசு முப்பத்தெட்டு, சாராயம் குடிக்கிறாய், ஆறு போடலாம் என்றார். கஜபதி ஒரு வாரம் குடிக்கவில்லை.

1990இல் நான் சிவில் டிப்ளமோ முடித்து முகப்பேரில் ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் நோட்டைப் பார்த்துத் தெரு வரைபடத்தில் குழாய்களை ஏற்றினேன். நோட்டைப் புதிதாகப் படியெடுத்ததும் நான்தான். அதன் முதல் வரி இது: '1986 மே 2. மூன்றாம் தெருக் குழாய், சாக்கடையில் நுரை. ஓட்டை. மேலதிகாரிகளிடம் சொன்னேன். அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். திறந்தேன்.'

மே 2. வஹீதுன்னிசா இறந்தது ஜூலை 24. நடுவில் நாற்பது தடவைக்குமேல் தண்ணீர் திறந்திருக்கிறார்.

நான் பேனாவை நிறுத்தியதை அப்பா பார்த்தார். இருக்கிறபடி எழுது என்றார். எழுதினேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

வால்வுகளை அளந்ததும் அந்த வருடம்தான். ஒவ்வொரு வால்வுக்கும் நகராத மூன்று பொருள்களிலிருந்து தூரம் எடுக்க வேண்டும். மூன்றாம் தெரு வால்வுக்கு ரேஷன் கடை மூலை ஒன்று. இரண்டாவதாக அளக்க மிகச் சரியான இடம் சாக்கடைக்கு மறுபக்கம் இருந்தது. ரசூல் பீவி வீட்டின் முன்மூலை. கருங்கல் அடித்தளம், ஐம்பது வருடத்துச் சுவர். அப்பா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்க்காமல் நின்றார். கதவு திறந்திருந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது.

அவருக்கு உதவுகிறேன் என்று நினைத்து நான்தான் சொன்னேன்: "விளக்குக் கம்பம் வெச்சுக்கலாம்ப்பா. நம்பர் இருக்கு. கைப்பம்பு இருக்கு. ரெண்டும் கவர்ன்மென்ட், எங்க போயிடும்?"

அப்பா உடனே சரி என்றார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் சரி சொன்னதில்லை.

அந்த மூலை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஒரு அங்குலம் நகரவில்லை.

1991இல் ஒரு திட்டம் எழுதினோம். வருடத்துக்கு முந்நூறு மீட்டர் பழைய குழாய் மாற்றுவது, பயத்தின் வரிசைப்படி. வால்வுகளை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருப்பி வைப்பது, திருப்பாத வால்வு இறுகிவிடும் என்பதால். சாலை போடும்போது மூடிகளை உயர்த்துவது. பன்னிரண்டு பக்கம், மூன்று படிகள், தட்டச்சு. முதல் வரிசையில் சாக்கடைக் குழாய். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செயல் அலுவலரிடம் போனார். நானும் போனேன். அலுவலர் நல்லவர், உட்காரச் சொன்னார், பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினார்.

"ராயப்பன், எல்லாம் சரி. தண்ணி ஓடிக்கிட்டிருக்கிற பைப்பைத் தோண்டி எடுத்துட்டு அதே எடத்துல புதுசு போடறோம்னு எழுதினா, மேல என்ன கேப்பாங்க? புதுசா எத்தன வீட்டுக்குப் போகுதும்பாங்க. ஒண்ணுமில்லன்னு எப்படி எழுதறது?"

அப்பாவுக்குப் பதில் தெரியும். பக்கங்களின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், ஒரு வீட்டில் ஆள் சாகாமல் இருப்பது புதிதுதான் என்று. அலுவலர் முகம் மாறியது. அப்பா என் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தார். அடுத்த வருடம் புது மனைப்பிரிவுக்கு இரண்டு கிலோமீட்டர் குழாய் வந்தது. ரிப்பன் வெட்டினார்கள். அப்பா அதற்கு நோட்டில் ஒரு வரி சேர்த்தார். பயம்: ஒன்று.

இனி அந்த நவம்பர். 18ஆம் தேதி தண்ணீரை நிறுத்திவிட்டுச் சாக்கடைப் பக்கம் போனவர், காலர் இருந்த இடத்தில் நுரையைப் பார்த்தார். எட்டு வருடம் தாங்கியது விட்டுவிட்டது. செய்ய வேண்டியது எளிது. சாலைக்கு அடியில் இருக்கும் வால்வை மூடினால் மூன்றாம் தெரு மட்டும் துண்டாகும். நாலு நாள் லாரித் தண்ணீர் கொடுத்துவிட்டுக் குழாயை மாற்றலாம். அந்த வால்வைத்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தேடினோம்.

வால்வு இல்லையென்றால் ஊர் முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டும். அல்லது அந்த வளைவு நெடுகச் சாலையை வெட்டிப் பார்க்க வேண்டும். ஞாயிறு மாலையே அப்பா அலுவலர் வீட்டுக்குப் போய் இரண்டையும் கேட்டார். இரண்டும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் புது மேல்நிலைத் தொட்டி திறப்பு விழா. விழாவுக்கு வருகிறவர்கள் அந்தச் சாலையில்தான் வருவார்கள். பத்து நாள் பொறுக்கச் சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "திரும்பவும் அதே வார்த்த சொல்றாங்க பாப்பா. அப்புறம் பாக்கலாமாம்" என்றார். 1986 பற்றி அவர் என்னிடம் சொன்னது அதுதான், அதுவும் அவ்வளவுதான். பிறகு ஒரு தாளை எடுத்து ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எழுதி, வீட்டுக்காரர்களின் பெயர்களைப் போட்டார். தண்ணீரை நிறுத்த முடியாவிட்டால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, காய்ச்சிக் குடியுங்கள், காய்ச்சாமல் ஒரு வாய்கூட வேண்டாம் என்று சொல்வது. வீட்டில் ஆள் இல்லையென்றால் மறுபடியும் போவது. சொன்ன வீட்டுக்கு ஒரு டிக்.

முதல் பெயர் ரசூல் பீவி. அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எழுதியிருந்தார்: மருமகள், ஆறு மாதம்.

எழுதும்போது அவர் காது மடல்கள் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், இது என் வேலை என்றார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மூன்றாம் தெருவில் இருந்தார். வியாழக்கிழமை ஆறு மணிக்குத் தண்ணீரைத் திறந்தார். ஏழு மணிக்கு மூடினார். சாவியைக் கஜபதியிடம் கொடுத்துவிட்டு மூன்றாம் தெருப் பக்கம் நடந்தார். பதினேழாம் எண் கம்பத்துக்குக் கீழே விழுந்தார். கஜபதி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்தேழு வயது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அடக்கம் முடிந்தது. மூன்றாம் தெருவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். கஜபதி கல்லறை மண்ணை மண்வெட்டியால் சமன் செய்துகொண்டே இருந்தார், போதும் என்று குருவானவர் சொல்லும்வரை. எல்லாரும் போனபின், ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை அம்மா என்னிடம் நீட்டினார். அவரால் பிரிக்க முடியவில்லை. காக்கிச் சட்டை, செபமாலை, பூட்டுச் சாவி. சட்டைப்பையில் அந்தத் தாள், எட்டாக மடித்து.

நாற்பது டிக் இருந்தன. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னக் குறிப்புகள். 'கிழவி காது கேட்காது, பேரனிடம் சொன்னேன்.' 'விறகு இல்லையாம், கொடுத்தேன்.' முதல் பெயருக்கு டிக் இல்லை. அதற்கு எதிரில் மூன்று வரிகள் இருந்தன.

'திங்கள் காலை 5.40. கதவு மூடியிருந்தது.'

'செவ்வாய் காலை 5.40. ஆள் இல்லை.'

'புதன். நாளைக்கு.'

ரசூல் பீவியின் கதவு ஐந்து மணிக்குத் திறந்துவிடும். ஐந்தே முக்காலுக்கு அங்கே இடியாப்பத்துக்கு வரிசை நிற்கும். சிவப்பு நோட்டில் அப்பா எழுதிய ஆயிரத்துச் சொச்சம் பதிவுகளை நான் படியெடுத்திருக்கிறேன். ஒன்றிலும் பொய் இல்லை. தனக்கு எதிரானதைக்கூட அப்படியே எழுதினவர். இந்த இரண்டு வரிகள் மட்டும் பொய்.

அடுத்த தண்ணீர் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. ஞாயிறும் செவ்வாயும் வியாழனும் ஏற்கெனவே போயிருந்தன. நான் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண் எத்தனை டம்ளர் குடித்திருப்பாள் என்று கணக்குப் போட்டேன். நிறுத்த முடியவில்லை. அப்பா எட்டு வருடம் எங்கே இருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் சாலையை வெட்டினார்கள். வால்வு கிடைத்தது, இறுகிப்போய்த் திரும்பவில்லை. கடைசியில் ஊர் முழுக்க ஒருநாள் தண்ணீரை நிறுத்திவிட்டுத்தான் குழாயை மாற்றினார்கள். மூன்றாம் தெருவில் இரண்டு பேருக்குக் காமாலை வந்தது. இருவரும் பிழைத்தார்கள். பிப்ரவரியில் ரசூல் பீவிக்குப் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். வெள்ளிக்கிழமை இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஐந்து நாற்பதுக்கு மூன்றாம் தெருமுனையில் இறங்கினேன். கம்பத்தைத் தாண்டினேன். சாக்பீஸ் கோடுகள் மழையில் போயிருந்தன. முதல் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வெளிச்சமும் ஆவியும் வாசலுக்கு வந்தன. அங்கே போய்ப் படிக்குக் கீழே நின்றேன். நான் அந்த வீட்டுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் படி ஏறவில்லை.

ரசூல் பீவி இடியாப்பக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தண்ணிக்காரர் பொண்ணா? நேத்து வர முடியல. உள்ள வா" என்றார்.

வாசலிலேயே நின்று சொன்னேன். குழாயில் ஓட்டை, காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், மருமகளுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"கஜபதி திங்கக்கெழமையே வந்து சொல்லிட்டான்மா. அவன் சொல்லலன்னாலும் எட்டு வருசமா இந்த ஊட்டுல காய்ச்சாத தண்ணி யாரும் தொடறதில்ல."

போகலாம் என்று திரும்பினேன்.

"மூணு நாளும் அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னுகினு இருந்தார்" என்றார். "வருவாரு வருவாருன்னு பாத்துகினே இருந்தேன். நானா போயி கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். அவரா வரட்டும்னு."

"என்ன கேக்கணும்?" என்றேன்.

ரசூல் பீவி கையிலிருந்த மாவை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எங்க வஹீதா படுக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பைப்பு ஓட்டைன்னு அவருக்குத் தெரியுமா? தெரியும்னா தெரியும், தெரியாதுன்னா தெரியாது. சண்டைக்கில்ல. அவர் வாயால கேக்கணும், அவ்வளவுதான்."

உள்ளே மருமகள் அடுப்பில் இருந்த தண்ணீரைத் தட்டு போட்டு மூடினாள். ஆறு மணி. முற்றத்துக் குழாய் முதலில் காற்றை இரைத்தது, பிறகு துப்பியது. கஜபதி மெதுவாகத்தான் திறந்துகொண்டிருந்தார்.

நோட்டின் முதல் வரி எனக்கு மனப்பாடம். தேதியோடு. ரசூல் பீவி பதிலுக்காகக் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. அப்பா போய்ச் சொல்லியிருக்க வேண்டியது அது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் பெயருக்கு இன்னும் டிக் இல்லை.